மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை: அடையாற்று முகத்துவாரத்திலிருந்து இயற்கை வேளாண்மை

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கில், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் ஊர். வயலும் களமும் இங்கே இல்லை. ஆனால் வேளாண்மையின் மிகப் பழைய கேள்வி ஒன்றை இங்கே நின்று கேட்பதுபோல வேறெங்கும் கேட்க முடியாது: நிலத்திலிருந்து நாம் எடுத்த சத்து எங்கே போய்ச் சேருகிறது?

டெல்டாவின் நெல், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, நீலகிரி உருளைக்கிழங்கு எல்லாம் லாரி லாரியாகச் சென்னைக்கு வருகின்றன. அவற்றோடு அந்த மண்ணின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வருகின்றன. நகரம் உண்டு முடித்த பின் ஒரு பகுதி குப்பை மேட்டுக்குப் போகிறது. இன்னொரு பகுதி சாக்கடை வழியாக அடையாற்றிலும் கூவத்திலும் இறங்கிக் கடலுக்குப் போகிறது. அடையாற்றில் இறங்கியது இந்தக் குப்பத்து மீனவர்கள் வலைவீசும் நீரில் கலக்கிறது. வயலுக்கு அதில் எதுவும் திரும்புவதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய, இதே நகரத்தின் வடகோடியில் மணலியில் யூரியா செய்து மூட்டைகளாகக் கிராமத்துக்கு அனுப்புகிறோம்.

உலகம் முழுவதும் இயற்கை வேளாண்மை வளர்கிறது. அந்த வளர்ச்சியை ஏக்கர் கணக்கிலும் விற்பனைக் கணக்கிலும்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். எடுத்த சத்தில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்பியது என்பதே சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த அளவுகோலை வைத்தால் உழவரின் பொறுப்போடு நகரவாசியின் பொறுப்பும் வெளிச்சத்துக்கு வரும்.

ஒல்காட்டும் ஸ்டெய்னரும்

குப்பத்தின் பெயரில் இருக்கும் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டைப் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவராகத்தான் நமக்குத் தெரியும். 1832-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த அவர், இளமையில் வேளாண் அறிஞராகவே பெயர் பெற்றார். நியூயார்க் அருகே ஒரு வேளாண் பள்ளி நடத்தினார். சர்க்கரைப்பாகு எடுக்கும் சீன, ஆப்பிரிக்கச் சோள வகைகளைப் பற்றி 1857-ல் நூல் எழுதினார். 'நியூயார்க் ட்ரிப்யூன்' நாளிதழில் வேளாண்மைப் பகுதியின் ஆசிரியராக இருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் வேளாண் சொற்பொழிவுகளை 1860-ல் தொகுத்து வெளியிட்டார்.

அது ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக்கின் காலம். பயிருக்கு வேண்டியவை இன்னின்ன தனிமங்கள் என்று 1840-ல் அவர் எழுதிய நூல்தான் செயற்கை உரத் தொழிலுக்கு அறிவியல் வாசலைத் திறந்தது. அதே லீபிக், லண்டன் மாநகரம் தன் கழிவைத் தேம்ஸ் ஆற்றில் கொட்டுவதைப் பின்னாளில் கடுமையாகக் கண்டித்தார். நிலத்திலிருந்து எடுத்ததைத் திருப்பித் தராத வேளாண்மை மண்ணைக் கொள்ளையிடும் வேளாண்மை என்பது அவர் முடிவு. அவருடைய முதல் கண்டுபிடிப்பை உலகம் பற்றிக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

ஒல்காட்டும் அவரோடு சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882-ல் சபையின் தலைமையகத்தை அடையாற்றுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கென்று 1894-ல் ஊரூர்ப் பகுதியில் ஒல்காட் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1907-ல் அடையாற்றிலேயே காலமானார். அவருக்குப் பின் அன்னி பெசன்ட் சபையின் தலைவரானார்.

ஐரோப்பாவில் இயற்கை வேளாண்மை இயக்கத்தின் முதல் கிளைகளில் ஒன்று இந்தச் சபையிலிருந்து பிரிந்து போனவரிடமிருந்து வந்தது. ருடால்ஃப் ஸ்டெய்னர் 1902 முதல் சபையின் ஜெர்மானியப் பிரிவுக்குச் செயலாளராக இருந்தவர். இளம் ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக முன்னிறுத்துவதை ஏற்க மறுத்து 1912-13-ல் விலகி, தனி அமைப்பு கண்டார். செயற்கை உரம் வந்தபின் மண்ணும் விதையும் கால்நடையும் நலிந்துவருகின்றன என்று முறையிட்ட உழவர்களுக்காக, 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 'உயிராற்றல் வேளாண்மை' என்று தமிழில் வழங்கும் முறை அதிலிருந்து பிறந்தது. அந்த முறையின் 'டிமீட்டர்' முத்திரை 1928-ல் வந்தது. இயற்கை விளைபொருளுக்கான தொடக்ககாலச் சான்று முத்திரை அது. ஸ்டெய்னர் சொன்ன கோள் நிலைக் கணக்குகளுக்கும் கொம்புச் சாண உரத்தின் தனி ஆற்றலுக்கும் உறுதியான அறிவியல் சான்று இல்லை. பண்ணைக்கு வேண்டியதைப் பண்ணையே தர வேண்டும், கால்நடையும் பயிரும் பிரியக் கூடாது என்ற அவருடைய அடிப்படை நிலைத்தது.

கோவை வயலும் குன்னூர் ஆய்வகமும்

அடையாற்றங்கரைக்கு வேளாண் ஆராய்ச்சியோடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஆற்றின் மேற்போக்கில் இருக்கும் சைதாப்பேட்டையில் 1860-களில் அரசுச் சோதனைப் பண்ணை இயங்கியது. 1868-ல் அங்கே வேளாண் பள்ளி தொடங்கியது. 1906-ல் அது கோயம்புத்தூருக்குப் போய், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

கோவையில் 1909-ல் நிலையான உரச் சோதனை வயல் ஒன்றை அமைத்தார்கள். பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு இரசாயன உரம், ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று ஆண்டுதோறும் தொடர்ந்து பயிரிடும் சோதனை அது. நூறாண்டைக் கடந்த இந்தச் சோதனை, இந்தியாவிலேயே மிக நீண்ட காலம் நடந்தவற்றுள் ஒன்று. அதே 1909-ல்தான் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார்; செயற்கைத் தழைச்சத்து உரத்துக்கு அதுவே அடிப்படை.

கோவையின் அரசு வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் ராபர்ட் மெக்கரிசனும் சேர்ந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தொழுவுரத்தில் விளைந்த தானியம் கூடுதல் ஊட்டம் தருகிறது என்று 1926-ல் வெளியிட்டார்கள். இன்றைய ஆய்வுகள் இதை அப்படியே உறுதி செய்வதில்லை. ஊட்டச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பாரும் உண்டு, சில சத்துகள் கூடுதல் என்பாரும் உண்டு. இயற்கை விளைபொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் இங்கிலாந்தில் 1946-ல் 'மண் சங்கம்' என்ற இயற்கை வேளாண் அமைப்பை நிறுவியவர்களுக்கு மெக்கரிசனின் ஆய்வு வலுவான ஆதாரமாக இருந்தது. அந்த ஆதாரம் நீலகிரியிலும் கோவையிலும் உருவானது என்பதை நாம் நினைவில் வைப்பதே இல்லை.

வடக்கில், ஆங்கிலேயரான ஆல்பர்ட் ஹோவார்டு 1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தார். உழவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர், உழவர்களையும் பூச்சி நோய்களையும் தம் ஆசிரியர்களாக ஏற்றார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர்க்கழிவு, சாணம், மாட்டுமூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மக்கவைக்கும் முறையைச் செம்மை செய்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரோடு சேர்ந்து 1931-ல் அதை நூலாக்கினார். மண்ணிலிருந்து வந்த அனைத்தும் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்ற விதியை வேளாண்மையின் நடுவில் வைத்தவர் அவர். அவருடைய 1940-ஆம் ஆண்டு நூலைப் படித்த ஈவ் பால்ஃபோர் இங்கிலாந்திலும், ஜே. ஐ. ரோடேல் அமெரிக்காவிலும் இயக்கம் கட்டினார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இதே சிந்தனையைப் பொருளாதாரமாக விரித்து 1945-ல் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார்.

இயற்கை வேளாண்மை மேற்கில் தோன்றி இந்தியாவுக்கு வந்த நாகரிகம் என்று சொல்வதும் தவறு. முழுதும் நம் பழம் பெருமை என்று சொல்வதும் தவறு. உழவர் அனுபவமும் ஆய்வகச் சோதனையும் இந்த மண்ணில் சந்தித்ததால் விளைந்த அறிவு இது.

கடற்கரையின் உரக் கதை

சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு உருவானபோது அதற்குத் தலைமை ஏற்றவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன். மேற்குக் கடற்கரையில் மத்தி ஏராளமாகப் பிடிபடும் நாட்களில் மணலில் காயவைத்து, தென்னைக்கும் காபித் தோட்டத்துக்கும் உரமாக விற்றுவந்தார்கள். மீனை வேகவைத்து எண்ணெயைப் பிழிந்துவிட்டு, சக்கையைத் தூய உரமாக்கும் முறையை நிக்கல்சன் பரப்பினார். சில ஆண்டுகளிலேயே மலபார், தென்கன்னடக் கரையில் சிறு ஆலைகள் பெருகின. கடலுக்குப் போன சத்தின் ஒரு பகுதியை மீன்வழி நிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை அது.

இன்று தமிழ்நாட்டு இயற்கை உழவர்கள் அதன் சிறு வடிவத்தைக் கொல்லையில் செய்கிறார்கள். மீன் தலை, குடல், செதிலோடு அதே எடை வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து, வாயைக் கட்டி நிழலில் 21 நாள் வைத்தால் தேன் நிறத்தில் மீன் அமிலம் கிடைக்கும். கொரிய இயற்கை வேளாண்மையிலிருந்து வந்த முறை. பத்து லிட்டர் டேங்குக்கு 50 முதல் 100 மில்லி கலந்து இலைமேல் தெளிப்பார்கள். மீனவர் குப்பத்தில் வீணாகும் குடலும், கோழித்தீவனத்துக்குப் போகும் கழிசல் மீனும் உழவருக்கு இடுபொருள். இரு தொழிலுக்கும் நடுவில் ஒரு கொள்முதல் ஏற்பாடு அமைந்தால் இருவருக்கும் வருமானம் உண்டு.

உரத்தின் மறுபக்கக் கதையும் இந்தக் கரையோடு சேர்ந்ததுதான். இந்தியாவில் செயற்கை உர உற்பத்தி 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையோடு தொடங்கியது. 1960-களில் எண்ணூரிலும், 1970-களின் தொடக்கத்தில் மணலியிலும் பெரிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. மத்திய வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பசுமைப் புரட்சிக்கு அரசியல் வலுச் சேர்த்தார். பஞ்சத்தின் விளிம்பில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு தன் உணவைத் தானே விளைத்தது. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு, செயற்கை நைட்ரஜனைச் சார்ந்தே விளைகிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதை ஒப்புக்கொள்ளாமல் இயற்கை வேளாண்மை பேசுவது நேர்மையாகாது.

அதற்கான விலையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாழாகும் என்று எம். எஸ். சுவாமிநாதனே 1968 ஜனவரியில், பசுமைப் புரட்சியின் உச்சத்தில், அறிவியல் மாநாட்டு மேடையில் எச்சரித்தார். நெல் வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதமே பயிருக்குச் சேர்கிறது. மிச்சம் காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும் போகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மீனவர் ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். டெல்டா வயலுக்குப் போகும் மூட்டையின் விலையில் அந்த இரவு சேர்ந்திருக்கவில்லை. சென்னையில் உரம் பிறக்கும் இடத்திலும் மீனவர் இருக்கிறார். உண்ட சத்து கழிவாக வந்து முடியும் இடத்திலும் மீனவர் இருக்கிறார்.

நாலு டன் தொழுவுரமும் ஒரு மூட்டை யூரியாவும்

இயற்கை வேளாண்மை என்றால் பூச்சிக்கொல்லி தெளிக்காமல் விடுவது என்று நகரத்தில் நினைக்கிறோம். வயலில் அது கூடுதல் வேலையையும் கூடுதல் அறிவையும் கேட்கும் தொழில். அறுவடைக்கும் நடவுக்கும் நடுவில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். கோடையில் ஆட்டுக்கிடை போட வேண்டும். ஏரி வற்றியதும் வண்டல் அடிக்க வேண்டும். நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு மாற்றிப் போட வேண்டும். வரப்பில் தட்டைப்பயறு இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் கைவசம் இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நல்ல தொழுவுரத்தில் அரை சதவீதம். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக ஏறத்தாழ நான்கு டன் தொழுவுரம் வேண்டும். மூட்டையின் அரசு நிர்ணய விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய்; உண்மையான செலவின் பெரும்பகுதியை மத்திய அரசு மானியமாக ஏற்கிறது. நான்கு டன் தொழுவுரத்தை வாங்கி, வண்டி வைத்து, ஆள் விட்டு இறைக்கும் செலவை உழவர் தனியாக ஏற்கிறார். இயற்கை விளைபொருள் ஏன் விலை கூடுதல் என்று கேட்பவருக்கு முதல் விடை இங்கே இருக்கிறது.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் போன்ற கரைசல்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். மண்ணின் நுண்ணுயிர்களைத் தூண்டுவதும், பயிருக்கு வளர்ச்சி ஊக்கம் தருவதும் அவற்றின் பணி. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் உள்ள தழைச்சத்து மிகச் சொற்பம். பசுந்தாளும் தொழுவுரமும் பயறும் இல்லாமல் கரைசலை மட்டும் நம்பும் வயலில் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் சரியும். உலகெங்கும் நடந்த ஒப்பீடுகளைத் தொகுத்த ஆய்வுகள், இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைவு என்றும், பயிர் சுழற்சியும் கலப்புப் பயிரும் நன்கு அமைந்தால் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கும் என்றும் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் இதை இயக்கமாக்கியவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். மானாவாரி உழவருக்குப் பயன்படாத ஆராய்ச்சி என்று கண்டு வெளியேறினார். 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்கும் பணியில் அவரும் தோழர்களும் இறங்கினார்கள். கடல் கொண்டுவந்த சேற்றை அகற்றி, தக்கைப்பூண்டு போன்றவற்றை வளர்த்து மடக்கி, மக்கிய உரம் சேர்த்து அந்த நிலங்களில் மறுபடி நெல் விளைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு அங்கே எதுவும் விளையாது என்ற அச்சத்துக்கு வயலே பதில் சொன்னது. கரூர் மாவட்டம் கடவூரில் அவர் அமைத்த வானகம், 2013 டிசம்பர் 30-ல் அவர் மறைந்த பின்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற மரபு நெல் வகைகள் உழவர் கைக்குத் திரும்பின. இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. சென்னை கோட்டூர்புரத்தில் இயங்கும் இந்திய அறிவு முறைகள் மையம் 1990-களிலிருந்து மரபு நெல்லையும் விருட்சாயுர்வேதம் என்னும் பழைய பயிர் மருத்துவ முறைகளையும் சோதித்துப் பதிவு செய்துவருகிறது.

உலகக் கணக்கு

1972-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. அந்தக் கூட்டமைப்பும் சுவிட்சர்லாந்தின் ஃபிப்ல் ஆய்வு நிறுவனமும் ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியிடுகின்றன. 1999-ல் உலகில் 1.1 கோடி ஹெக்டேரில் இயற்கை வேளாண்மை நடந்தது, 2023-ல் 9.89 கோடி ஹெக்டேர். உலக வேளாண் நிலத்தில் இது 2.1 சதவீதம். சந்தை மதிப்பு 13,600 கோடி யூரோ.

இந்த எண்களுக்குள் ஒரு பிளவு இருக்கிறது. பரப்பில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியா. அது பெரும்பாலும் பரந்த மேய்ச்சல் நிலம். உழவர் எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு: உலகின் 43 லட்சம் இயற்கை உற்பத்தியாளர்களில் பாதிக்கு மேல் இங்கே. வாங்கும் சந்தையில் முதல் இரு இடங்கள் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும். சிறு உழவர் இங்கே விளைக்கிறார், வசதியுள்ளவர் அங்கே உண்கிறார். இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுத் தேசியச் சான்றளிப்புத் திட்டம் வேளாண் அமைச்சகத்தில் தொடங்காமல் வர்த்தக அமைச்சகத்தில் தொடங்கியதற்கும் இதுவே காரணம். ஏற்றுமதி செய்த டன் ஒவ்வொன்றோடும் நம் மண்ணின் சத்தும் கப்பலேறுகிறது; அது திரும்புவதற்கு எந்த முத்திரையும் உத்தரவாதம் தருவதில்லை.

சான்றிதழ் சிறு உழவருக்குப் பெருஞ்சுமை. கட்டணம், பதிவேடு, மூன்றாண்டு வரை மாறுதல் காலம். கூட்டுச் சான்றிதழில் கண்காணிப்பு தளர்ந்தபோது நம்பிக்கையும் போனது: இந்தியச் சான்றளிப்புக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை 2021-ல் அமெரிக்கா விலக்கிக்கொண்டது. இதற்கு மாற்றாக வந்தது பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருகிறார்கள். 2011-ல் தேசிய அளவில் அரசு இதை ஏற்றது. சென்னையில் ரீஸ்டோர், ஓ.எஃப்.எம். போன்ற தன்னார்வக் கடைகள் இதைப்போன்ற நேரடி நம்பிக்கையில் வளர்ந்தவை. கடை நடத்துவோர் உழவரின் வயலுக்கே போய்ப் பார்த்து, அவருக்குக் கட்டுப்படியாகும் விலை தந்து வாங்குகிறார்கள். உழவர் பெயர் தெரிந்து வாங்கும் பழக்கத்தை அவை நகரத்துக்குக் கற்றுக்கொடுத்தன.

இலங்கையும் சிக்கிமும்

இயற்கை வேளாண்மையை எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இலங்கை 2021-ல் பாடமானது. பத்தாண்டுகளில் படிப்படியாக மாறுவோம் என்று 2019 தேர்தலில் வாக்குறுதி தந்து வந்த அரசு, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி அதற்கு முக்கியக் காரணம். சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்த இயற்கை உரத்தில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சொல்லி அதையும் ஏற்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. பெரும்போகம் என்ற முதன்மைப் பருவத்தின் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது. வடக்கு, கிழக்கின் தமிழ் உழவர்களும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் இந்தச் சுமையைச் சுமந்தார்கள்.

சிக்கிம் 2003-ல் தீர்மானித்து, இரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மண்புழு உரக் குழிகளையும் பயிற்சியையும் முதலில் ஏற்படுத்தி, 2016-ல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. ஏற்கெனவே உரப் பயன்பாடு குறைவாக இருந்த சிறு மலை மாநிலம் என்பதால் அதன் வழி தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பாடம் பொருந்தும்: யூரியா மூட்டையை நிறுத்துமுன் மக்கிய உரத்துக்கு வழி செய்ய வேண்டும். திரும்பும் சத்தைத் திரட்டாமல் வாங்கும் சத்தை நிறுத்தினால், பட்டினியை இயற்கை என்று பெயரிட்டு அழைக்க வேண்டிவரும்.

நகரத்தின் கடன்

அந்தச் சத்து எங்கே இருக்கிறது? கணிசமான பகுதி நகரத்தில் இருக்கிறது. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பெரும்பகுதி மக்கும் கழிவு. பிரிக்காமல் கலந்து கொட்டியதால் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அது மலையாகக் குவிந்தது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கன உலோகமும் கலந்த குப்பையிலிருந்து செய்த உரத்தை எந்த உழவரும் நம்பி வயலில் இடமாட்டார். சமையலறையில் தனியாகப் பிரித்தால்தான் அது உரம்.

கழிவுநீர் இன்னும் சிக்கலானது. மனிதக் கழிவிலும் சாக்கடைச் சகதியிலும் தழை, மணிச்சத்து மிகுதி. ஆனால் நோய்க்கிருமியும் தொழிற்சாலை நஞ்சும் கலந்திருப்பதால் பெரும்பாலான இயற்கைச் சான்றளிப்பு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. விதி சரியானது. அதன் விளைவாக, சான்றிதழ் பெற்ற அரிசியின் சத்தும் கடைசியில் அடையாற்றில்தான் போகிறது. முசிறியில் 2000-களில் தொடங்கிய சூழல் கழிப்பறைகள் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகச் சேர்த்து மக்கவைத்து உரமாக்கலாம் என்று காட்டின. சென்னையில் நடப்பதோ வேறு: சுத்திகரித்த கழிவுநீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது. அந்த நீரைப் பயன்படுத்துபவற்றில் யூரியா ஆலையும் ஒன்று. நகரக் கழிவின் நீர் மட்டும் உரத் தொழிலுக்கு உதவுகிறது, அதிலிருந்த உரம் வீணாகிறது.

இந்தச் சுழற்சியைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். அந்தக் காலத்தில் எல்லாம் மண்ணுக்குத் திரும்பியது என்று பெருமை பேசுகிறோம். சாணத்தையும் மலத்தையும் செத்த மாட்டையும் சுமந்தது யார்? சாதியால் அந்த வேலையில் கட்டிவைக்கப்பட்ட மக்கள். நிலம் செழித்தது, அவர்களுக்கு நிலமில்லை. ஒல்காட் ஊரூரில் பள்ளி திறந்தது அவர்களுடைய பிள்ளைகளுக்காகத்தான். மனிதக் கையால் கழிவு அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாகத் தடை செய்கிறது. சத்தைத் திருப்பும் புதிய ஏற்பாடு எதுவாயினும் இயந்திரத்தாலும், நியாயமான கூலியாலும், எல்லோருடைய பொறுப்பாலும் நடக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி, யார் உண்பது என்பது. இயற்கை அரிசி அடையாற்றுக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குப்பத்து வீடுகள் ரேஷன் அரிசியை நம்பியிருக்கின்றன. விலை கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் நஞ்சில்லா உணவு என்றால், இயக்கத்தின் அறம் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். வழி இல்லாமல் இல்லை. பிரேசிலின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவு நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப உழவரிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று விதித்தது. இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலையும் தரலாம். கோபன்ஹேகன் நகரம் தன் பொதுச் சமையலறைகளைச் சமைக்கும் முறையை மாற்றி, உணவுச் செலவைப் பெரிதாகக் கூட்டாமலே பெருமளவு இயற்கை உணவுக்குக் கொண்டுவந்தது. ஒடிசா தன் சிறுதானியத் திட்டத்தின் வழியாகப் பழங்குடி உழவரின் கேழ்வரகை ரேஷனில் சேர்த்தது. தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தர்மபுரியில் ரேஷனில் கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கியது. சத்துணவு, காலை உணவு, அங்கன்வாடி, ரேஷன் என்று இவ்வளவு பெரிய பொதுச் சமையலறை தமிழ்நாட்டுக்கு இருக்கிறதே.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அந்தக் கொள்கை வயலோடு நின்றுவிடாமல் நகராட்சிக்கும் உணவுத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் நீள வேண்டும். மூன்று காரியங்களை உடனே செய்யலாம். யூரியாவுக்குத் தரும் மானியத்தின் சிறு பங்கை, சோதித்துத் தரம் உறுதி செய்த மக்கிய உரத்தை வயல்வரை கொண்டுசேர்க்கும் செலவுக்குத் திருப்பலாம். சந்தைகள், உணவகங்கள், மீன் அங்காடிகளின் கழிவைக் கலக்காமல் பிரித்துச் சேகரித்து, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் உழவர் குழுக்களோடு நேரடி ஒப்பந்தம் செய்யலாம். அந்தக் குழுக்களின் கீரையையும் காயையும் கேழ்வரகையும் மாநகராட்சிப் பள்ளிகளின் சமையலறை வாங்கலாம். உரம் நகரத்திலிருந்து போகும், உணவு நகரத்துக்கு வரும், ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பிள்ளையும் அதை உண்ணும்.

இயற்கை விளைபொருளை வாங்கும் நகரவாசியின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்த அக்கறை தன் உடல்நலத்தோடு முடிந்துவிடக் கூடாது. உழவர் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறார் என்ற உறுதியைக் கேட்டுத்தான் கூடுதல் விலை தருகிறோம். அதே உறுதியை உழவர் நம்மிடம் கேட்டால் இன்று நம்மிடம் பதில் இல்லை. சமையலறைக் கழிவை நாள்தோறும் பிரித்துவைப்பதும், அது வயல் போய்ச் சேர்ந்ததா என்று மாநகராட்சியிடம் விடாமல் கேட்பதும் அந்தப் பதிலின் தொடக்கம். விலை கொடுத்து வாங்கியதோடு நம் பங்கு முடியவில்லை.